நாலாவது மாடி வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனது

அன்பு மகளுக்கு, எங்கள் வாயாடிக்கு, அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கு இரண்டு கால், எனக்கு ஒன்று, ஆக மொத்தம் மூன்று காலும் நலம். அங்கே உன் இரண்டு காலும் நலமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்காத நாள் இல்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற அந்த இடத்தில் தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்று சொல்லியிருந்தாய், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நட, வழுக்கி விழுந்து நம் குடும்பத்துக் கால் கணக்கை இன்னும் குறைத்துவிடாதே. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கப் போய்விட்டேன், அதனால் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ ஆரம்பித்தால் எனக்கு இடம் கிடைக்காது, அது ஒன்று. இன்னொன்று, போன் பேசும்போது உன் அம்மா என் தோளில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவள் காதில் விழக்கூடாத சங்கதியும் இதில் ஒன்று இருக்கிறது. அவளுக்குத்தான் வாசிக்க வராதே, காகிதம்தான் பத்திரம்.

முதல் செய்தி, உன் அப்பன் சொந்த வீட்டுக்காரன் ஆகிவிட்டான். சிரிக்காதே. ஊரார் பீரோவையும் கட்டிலையும் முதுகில் ஏற்றி ஊரார் வீட்டு மாடியில் இறக்கியே வயசு ஐம்பத்தைந்து ஆன சுமைகாரனுக்கு, இறக்கி வைக்கத் தனக்கென்று ஒரு வீடு கிடைத்துவிட்டது. இனிமேல் நீ வந்தால் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, முதலாளி இருக்காரா என்று கேட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். இரண்டாவது செய்தி, நீ டெய்லர் மாமாவிடம் போனில் பேசிய பேச்சு. அவன் என்னிடம் மூச்சு விடவில்லை. அவன் பெண்டாட்டிதான் படிக்கட்டில் வைத்து உன் அம்மாவிடம் சொன்னாள். ஒத்தக் கால் மனுஷனை நாலாவது மாடில ஏத்திட்டு நீங்க கீழ மிஷினைப் போட்டு உக்காந்திருக்கீங்களே மாமா, சோறு எறங்குதா என்று கேட்டாயாமே. இறங்கவில்லை, அம்மாடி. அன்று ராத்திரி தட்டைத் தள்ளி வைத்தவன், இன்னமும் பாதிச் சோற்றில்தான் எழுந்திருக்கிறானாம். நீ அரைகுறையாகக் கேட்டுவிட்டு அரிவாளைத் தூக்குகிற ஜாதி, அப்படியே உன் அம்மா. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி, நடுவில் என் மேல் கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவனைத் திட்டாதே.

நம் கட்டிடத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். லிஃப்ட் கிடையாது, முட்டி போனவர்கள் கீழே வருவார்கள், முட்டி இருக்கிறவர்கள் மேலே போவார்கள். குடியிருப்பு ஆபீஸில் போய் வீடு மாற்றக் கேட்டால் மனுக் கொடு என்பார்கள், அந்த மனு எங்கே என்று கேட்க இன்னொரு மனுக் கொடு என்பார்கள், அதற்குள் முட்டியோடு சேர்ந்து ஆளும் போய்விடுவான். அதனால் இரண்டு குடும்பமும் தங்களுக்குள் பேசி முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமானை மாற்றிக்கொள்ளும், ஆபீஸுக்குச் சொல்கிற வழக்கமே இல்லை. கதவில் பெயிண்டால் எழுதிய நம்பர் இருக்குமே, வாடகை வாங்க வருகிறவரும் தபால்காரரும் அந்த நம்பரைத்தான் பார்ப்பார்கள், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்ல யாரால் ஆகும், அதனால் போகும்போது கதவையும் கழற்றிக் கூடவே எடுத்துப் போய்விடுவோம். எந்த மகராசன் இந்த யோசனையை முதலில் சொன்னானோ தெரியாது, ஆனால் அத்தனை கதவையும் சுமந்தவன் நான்தான், என் முதுகில் ஏறி இறங்காத கதவு நம் கட்டிடத்தில் இல்லை. சர்க்கரை வியாதியில் என் கால் போனபோதுதான் கதவு தூக்க ஆள் இல்லாமல் போனது. டெய்லர் ஆஸ்பத்திரிக்கு வந்தான், வெட்டிக் கட்டுப் போட்டிருந்த காலைப் பார்த்தான், போய்விட்டான். நான் வீடு திரும்புவதற்குள் தரைத்தளத்தில் இருந்த அவன் கதவை அவனே கழற்றி நாலாவது மாடியில் மாட்டி, நம் பதினெட்டாம் நம்பர் கதவைக் கீழே கொண்டுவந்து அவன் வீட்டு நிலையில் மாட்டியிருந்தான். ஊசியைத் தவிர வேறொன்றும் தூக்கி அறியாத ஆள், இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நண்டு மாதிரி நடந்தான். ஒத்தக் காலன் நேரா நடக்கறேன், ரெண்டு கால் உள்ளவன் கோணலா நடக்கறியே என்று நான் வேறு அவனைக் கேலி செய்தேன்.

மேலே போனபின் அவன் பிழைப்பு என்ன ஆனது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். துணி தைக்கக் கொடுக்கிற பெண்கள் நாலு மாடி ஏறுவார்களா. ஜன்னலிலிருந்து கயிறு கட்டி ஒரு கூடையை இறக்கினான், துணியை அதில் போட்டால் மேலே இழுத்துக்கொள்வான். துணி ஏறிவிடும், அளவு எப்படி ஏறும். இடுப்பு எவ்வளவும்மா என்று அவன் மேலேயிருந்து கத்துவான், தெருவே நின்று வேடிக்கை பார்க்கும்போது எவள் தன் இடுப்பைச் சத்தமாகச் சொல்லுவாள். ஒவ்வொருத்தியாக வேறு டெய்லரிடம் போய்விட்டார்கள், இவன் பழைய பேண்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட, உன்னாலதான் மச்சான் என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை. நானோ கீழே ராஜா மாதிரி இருந்தேன். கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி வாசலில் நிற்கும், டீக்கடைக்குப் போவேன், மிச்சக் காலில் வந்த புண்ணுக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்கு நானே போய் வருவேன், சுமைகாரர்கள் நிற்கிற முக்குக்குப் போனால் அண்ணே இந்தக் கட்டில் அந்த வாசல்ல நுழையுமா என்று கேட்க ஆள் இருக்கும். ஒரு கால் போனாலும் நான் மனுஷனாக இருந்தது அந்தத் தரைத்தளத்தால், அந்தத் தரைத்தளம் அவன் கொடுத்தது. இதை நீ முதலில் மனதில் போட்டுக்கொள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆபீஸ்காரர்கள் வந்து, வாடகைக்கு இருக்கிற ஏழைகளை வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கப்போகிறோம் என்று கட்டிடத்து முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். இத்தனை காலம் வாடகை கட்டியவர்கள் வாடகை மாதிரியே ஒரு தவணையை இன்னும் கொஞ்ச வருஷம் கட்டினால் வீடு நமக்கே. எடுத்துச் சொல்ல வந்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், எந்நேரமும் சிரித்த முகம், அதனால் சிரித்த முகம் என்றே நான் பெயர் வைத்துவிட்டேன். இனிமே நீங்க வாடகைக்காரங்க இல்ல, வீட்டுக்காரங்க என்று அது சொன்னதும் உன் அம்மா எழுந்து, எனக்கு ஏற்கெனவே ஒரு வீட்டுக்காரர் இருக்காரும்மா, அவரையே வெச்சு மேய்க்க முடியல என்றாள். கூட்டமே சிரித்தது. கட்டிடம் ஒன்றாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி. அடுத்து ஒருவர் வரைபடத்தோடு வீட்டை அளக்க வந்தார். வரைபடத்தில் தரைத்தளம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவர் கண்ணில் பட்டது ஒன்று, பதினொன்று, பதினெட்டு, ஏழு. மேலே ஏறினார், இறங்கினார், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், இது என்ன கட்டடமா, கலைச்சுப் போட்ட சீட்டுக்கட்டா என்று கேட்டார். கலைச்சது நான்தான் சார் என்று வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அப்புறம்தான் சட்டத்தைச் சொன்னார்கள். யார் பெயரில் எந்த வீடோ அதைத்தான் வாங்கலாம், வாங்குகிறவர் அதில்தான் குடியிருக்க வேண்டும், பத்து வருஷத்துக்கு விற்கவும் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது. கேட்காமல் வீடு மாற்றியது தப்பு, ஆனால் அவர்கள் சொன்ன தேதிக்குள் அவரவர் வீட்டுக்கு அவரவர் போய்விட்டால் தப்பை மன்னித்துவிடுவார்களாம். கட்டிடத்தில் முட்டி போனவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரித்த முகத்தைக் குறை சொல்ல மாட்டேன், அது நமக்காக மேலதிகாரியிடம் போய்க் கேட்டது. திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை, நாற்காலி போட்டும் உட்காராமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது. மாத்தி எழுதலாமாம் ஐயா, ஆனா அதுக்கு நீங்களும் டெய்லரும் ரெண்டு பேருமே இந்தத் திட்டத்தை விட்டு வெலகிடணும், அப்புறம் வாங்க இன்னொரு வாய்ப்பு வருமான்னு என்னால சொல்ல முடியாது என்றது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான் கீழேயே இருக்க வேண்டுமென்றால் டெய்லர் சொந்த வீட்டை விட வேண்டும். அவன் விடாவிட்டால், நான் வாங்கினாலும் மேலேதான், வாங்காமல் வாடகைக்கே இருந்தாலும் மேலேதான். இதை நான் அவனிடம் சொல்லவில்லை, அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறது. மறுநாள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து எதிரே உட்கார்ந்தான், என் காலையே பார்த்தான். என்னடா, பேண்ட்டுக்கு அளவெடுக்கறியா, ஒரு பக்கம்தான் தைக்கணும், பாதிக் கூலிதான் தருவேன் என்றேன். அவன் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தான். திட்டத்துலேருந்து என் பேரை எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்துடப் போறேன் மச்சான், இத்தனை வருஷம் வாடகை வீட்ல செத்தா போயிட்டோம், இப்படியே இருந்துட்டுப் போவோம் என்றான். அவன் சொல்லி முடிக்கும்போது வெளியே படிக்கட்டில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, அவன் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் மகள் கைக்குழந்தையோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து அந்த ஒற்றை அறையில்தான் படுத்துக்கொண்டிருக்கிறாள். கீழே வந்து மிஷின் போட்டால்தான் அவர்களுக்குச் சோறு, சொந்தம் என்று எழுதினால்தான் அந்தக் குழந்தைக்கு ஒரு கூரை. அதையெல்லாம் என் ஒற்றைக் காலுக்காக விட்டுவிடுகிறேன் என்று வந்து நிற்கிறான், அவனைத்தான் நீ சோறு இறங்குதா என்று கேட்டிருக்கிறாய்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது மாடி இஸ்திரி அக்கா வீடு அவள் புருஷன் பெயரில் இருக்கிறது. அவன் வீட்டை விட்டு ஓடிப்போனது உனக்குப் பல் விழுந்து முளைத்த காலத்தில். அன்றிலிருந்து வாடகை கட்டியதெல்லாம் அவள். இப்போது சொந்தமாக்க அவன் கையெழுத்து வேண்டுமாம். ஓடிப்போறவன் விலாசத்தை எழுதி வெச்சுட்டா சார் ஓடுவான் என்று ஆபீஸ் மேஜை முன்னால் கேட்டாளாம். அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடியவள், திரும்பி வந்தபோது யாரோ ஒருவருடைய சட்டை முதுகில் பெரிய ஓட்டை. அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், நான் வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது, நம் வீடும் என் ஒருவன் பெயரில்தான் இருக்கிறது, உன் அம்மா பெயர் எங்கேயும் இல்லை. நாளைக்கு நான் இல்லையென்றால் அவளும் அந்த மேஜை முன்னால் நிற்க வேண்டும், என் கையெழுத்தைக் கொண்டுவா என்பார்கள். ஓடிப்போனவனாவது ஒருநாள் திரும்பி வரலாம்.

டெய்லருக்கும் என் அளவு படிப்புதான், எழுதிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். அதற்குள் நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போய், மேல் வீட்டை வாங்கிக்கொள்கிறேன், உன் அம்மா பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நல்லா யோசிச்சீங்களா ஐயா என்று சிரித்த முகம் கேட்டது. யோசிக்கிறதெல்லாம் ரெண்டு பக்கம் போக வழி இருக்கிறவங்களுக்கும்மா என்றேன். அது பைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எதையோ தேடியது. டெய்லரிடம் வேறு கதை விட்டேன். கீழ சாக்கடை நாத்தம், கொசு, வர்றவன் போறவனெல்லாம் உள்ள எட்டிப் பாக்கறான், அஞ்சு வருஷமா எப்படா மேல போவோம்னு இருக்கு என்றேன். அவன், பொய்யைக்கூட ஆளுக்குத் தக்க அளவுல தைக்கணும் மச்சான், இது தொளதொளன்னு இருக்கு என்றான். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

கதவு மாற்றிய ஞாயிற்றுக்கிழமையை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லா வீட்டுக் கதவையும் ஒரே நாளில் கழற்றிவிட்டார்கள், படிக்கட்டெல்லாம் கதவு, ஏறுகிற கதவும் இறங்குகிற கதவும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, நான் கீழே உட்கார்ந்துகொண்டு ஏழாம் நம்பரே வழிவிடு, பதினொண்ணு முன்னால போ என்று போலீஸ்காரன் மாதிரி கத்திக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் யார் வீட்டுக்கும் கதவு இல்லை, எல்லார் வறுமையும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, யாரும் பார்க்காத மாதிரி நடந்தார்கள். முதல் மாடிப் பாட்டுக்கார மாமி, முட்டி வீங்கி வருஷக்கணக்கில் அந்த முதல் மாடியிலேயே இருந்தவள், மூன்றாவது மாடிக்கு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினாள். கடைசியாக என் முறை வந்தது. என்னோடு சுமை தூக்கிய மொட்டையும் சைலன்சரும் வந்தார்கள், மொட்டைக்குத் தலையில் முடி நிறைய இருக்கிறது, சைலன்சர் வாயை மூட மாட்டான், பெயர் வைத்தவன் நான்தான். நாற்காலியில் என்னை உட்கார வைத்து நான் பீரோ கட்டித் தூக்கிய என் சுமைப் பட்டையாலேயே கட்டினார்கள். எனக்குச் சும்மா இருக்க வருமா, திருப்பத்துல மேல இருக்கறவன் குனி, கீழ இருக்கறவன் நிமிரு, சுவத்துல இடிக்காதே, சாமான் பழசு என்று சொல்லிக்கொண்டே போனேன். மொட்டை மூச்சு வாங்கிக்கொண்டு, பீரோ பேசக்கூடாதுண்ணே என்றான். சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் டெய்லர் மேலேயிருந்து தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏறுகிற சுமைக்கு இறங்குகிற சுமை வழிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சட்டம். அவனுக்கு அது எப்படித் தெரியுமோ, சுவரோடு சுவராக ஒட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மிஷினைக் குழந்தை மாதிரி அணைத்தபடி நின்றான். நான் அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன், கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

இப்போது இந்த வீட்டைப் பற்றி. கதவு கீழ் வீட்டு நிலைக்காக ஓரம் இழைத்தது, இங்கே மாட்டினால் விரல் நுழைகிற சந்து இருக்கிறது, தாழ்ப்பாள் எட்டவில்லை, சொந்த வீட்டுக் கதவைத் துணி திணித்துச் சாத்துகிறோம். உன் அம்மா முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா, சுவரில் ஒரு ஆணி அடித்தாள். வாடகை வீட்டில் ஆணி அடித்தால் அபராதம் என்று உன்னைப் பெற்ற நாளிலிருந்து எல்லாவற்றையும் ஜன்னல் கம்பியில் கட்டியே தொங்கவிட்டவள். இரண்டு அடி அவள் விரலில், மூன்றாவது அடி ஆணியில். அடித்துவிட்டு அதில் மாட்ட ஒன்றும் இல்லாமல் சுற்றிப் பார்த்தாள், கடைசியில் என் சுமைப் பட்டையை மாட்டினாள். நல்லாருக்கா என்று கேட்டாள். ரொம்ப நல்லாருக்கு மகாராணி என்றேன், அதைப் பார்த்தபடிதான் இப்போது படுத்திருக்கிறேன். டெய்லர் போகும்போது கூடையையும் கயிற்றையும் ஜன்னலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். காலையில் டீயும் மருந்தும் அதில் ஏறி வரும், அவனே கீழே நின்று கட்டி அனுப்புவான், கயிற்றை ரெண்டு இழு இழுத்தால் எனக்கு வணக்கம் என்று அர்த்தம். என் மூன்று சக்கர வண்டியைப் படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறான், மழையில் நனையாமல் இருக்க அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டிருக்கிறான், நல்ல துணியில். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் உறையின் ஒரு ஓரம் தெரியும். அதில் பாக்கெட் வேறு வைத்திருக்கிறான், வண்டிக்கு எதற்குப் பாக்கெட் என்று கூடையில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன், கயிற்றை ரெண்டு இழு இழுத்துவிட்டுப் போய்விட்டான்.

இனி உன் அம்மாவுக்குத் தெரியாத சங்கதி. மேலே வந்தபின் மருந்து கட்ட நான் ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கினேன். மொட்டையும் சைலன்சரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தால்தான் நான் இறங்க முடியும், ஏற முடியும். ஒவ்வொரு தடவையும் அவர்கள் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட எனக்கு மனசு வரவில்லை, இறக்கிவிட வரட்டுமாண்ணே என்று அவர்கள் போன் செய்தால் புண் ஆறிடுச்சுடா என்று சொல்லிவிடுகிறேன். இருக்கிற காலில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன. மருந்தின் சாயம் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவளும் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்க்கிறாள், போகவில்லை என்று மருந்துக்காரனைத் திட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற ஆள், அடுத்த தடவை வரும்போது படுக்கையோட வந்துடுங்க பெரியவரே என்றான். இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம், நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறவள், அங்கே என்னென்ன துணி வெளுக்க வரும் என்று உனக்குத் தெரியும். கடிதத்தின் ஆரம்பத்தில் எழுதிய கணக்கு சீக்கிரம் மாறலாம். மாறினாலும் ஒரு நன்மை, இரண்டு பக்கமும் சமமாகிவிடும், சாய்ந்து சாய்ந்து உட்கார வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக் காகிதத்தில் உன் அம்மா பெயர் இருக்கிறது, என் பெயருக்குக் கீழேயே. மேல் வரி அழிந்தாலும் கீழ் வரி நிற்கும். அதற்காகத்தான் ஏறினேன், டெய்லர் ஏற்றவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது. மாமாவுக்கு ஒரு போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்டு அவனை இன்னும் சங்கடப்படுத்தாதே. மாமா எனக்கு ஒரு சட்டை தெச்சு வையுங்க, இதான் அளவு என்று சொல்லு, அவனுக்கு அது போதும், சோறு இறங்கிவிடும். அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்லாதே, அங்கே நீ சாப்பிடாமல் கிடக்கிறாயா என்று அதிலேயே கண்டுபிடித்துவிடுவான். இஸ்திரி அக்காவிடமும் ஒரு வார்த்தை பேசு. உன் அம்மாவிடம் விரல் சங்கதியை மூச்சு விடாதே. லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் மேஸ்திரியோடு சண்டை போடாதே, கிடைக்கிறதானால் கொஞ்சம் சீக்கிரமாகக் கிடைத்தால் நல்லது. எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கூடையில் வைத்து இறக்கிவிடுவேன், டெய்லர்தான் தபால்பெட்டியில் போட வேண்டும். இந்த வீட்டிலிருந்து சிரமம் இல்லாமல் இறங்குகிறது கூடை ஒன்றுதான்.

உடம்பு நோகாமல், மனசு நோகாமல், நின்ற இடத்தில் வழுக்காமல், நீ நல்லபடியாக இரு. நானும் உன் அம்மாவும் இருக்கிற அத்தனை காலையும் ஊன்றி நின்று உன்னை ஆசீர்வதிக்கிறோம். வரும்போது ஒன்றை மறந்துவிடாதே. போன தடவை நீ கொண்டுவந்த அந்தப் பெரிய பெட்டி வேண்டாம். அதைத் தரைத்தளத்துக்குள் தள்ளவே நான் என் வண்டியில் வைத்து இழுத்தேன். இப்போது நாலு மாடி, இங்கே தூக்குகிறவன் யாரும் இல்லை. கூடை தாங்குகிற அளவுக்குச் சின்னப் பெட்டியாகக் கொண்டு வா, கீழே வந்து நின்று கயிற்றை ரெண்டு இழு இழு, நான் மேலே இழுத்துக்கொள்கிறேன், எனக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நாலாவது மாடி முதலாளி,
உன் அப்பா